முதல் பிரசவத்துக்கு முன்பே உடலைத் தயார்செய்தால் பிறப்புறுப்பில் கிழிசல் குறையுமா?

குறையும். முழுக்கத் தடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் பிரசவத்துக்கு முன் இதை யாரிடமும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தோலோடு நிற்காமல் தசைவரை கிழிந்தது. தையல் போட்டார்கள். மூன்று வாரம் நேராக உட்கார முடியவில்லை, ஒருக்களித்துப் படுத்துத்தான் பால் கொடுத்தேன். சிறுநீர் பட்டால் எரியும் என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் 'சுகப்பிரசவம்தானே' என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் கோபம் வருகிறது.

இரண்டாவது முறை, மருத்துவரிடம் கேட்டுவிட்டு 35ஆவது வாரத்திலிருந்து பெரினியல் மசாஜ் செய்தேன், அதாவது பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள பகுதியை நீவித் தளர்த்துவது. கையைக் கழுவி, வாசனை சேர்க்காத தாவர எண்ணெய் தொட்டு, கட்டைவிரலைப் பிறப்புறுப்புக்குள் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வைத்து, ஆசனவாய்ப் பக்கமாகவும் இரண்டு பக்கவாட்டிலும் மெதுவாக அழுத்த வேண்டும். லேசாக எரியும், வலிக்கக் கூடாது. ஐந்து நிமிடம், வாரத்தில் இரண்டு நாள் போதும். நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, தொற்று இருந்தாலோ, பனிக்குடம் உடைந்துவிட்டாலோ செய்யாதீர்கள்.

பிரசவ அறையில் நர்ஸ் வெந்நீரில் நனைத்த துணியை அங்கே ஒற்றிப் பிடித்தார். தலை வெளியே வரும்போது முக்காமல் ஊதி ஊதி மூச்சுவிடச் சொன்னார். அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவள். இந்த முறை தையலே தேவைப்படவில்லை.

'இரண்டாவது பிரசவம் எப்படியும் எளிதுதானே' என்று யாராவது கேட்கலாம். உண்மைதான், எல்லாப் பெருமையையும் மசாஜுக்கே கொடுக்கவில்லை. ஆனால் ஆய்வுகளில் தையலும், குழந்தை வெளியே வர வழி பெரிதாக்கப் போடும் வெட்டும் தெளிவாகக் குறைந்தது முதல்முறை பெற்றவர்களுக்குத்தான். அதனால்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், வெட்டு எப்போது போடுவார்கள் என்று இப்போதே கேட்டுவையுங்கள். எல்லாருக்கும் வழக்கமாகப் போடுவதை உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. முதல் குழந்தை பிறந்த ஆறாவது வாரப் பரிசோதனையில் குழந்தையின் எடை, தடுப்பூசி, தூக்கம் எல்லாம் விசாரித்தார்கள். இருமினால் எனக்குச் சிறுநீர் கசிந்துகொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அதற்கு உதவும் என்பதே எனக்கு இரண்டாவது கர்ப்பத்தில்தான் தெரிந்தது. நீங்கள் இன்றைக்கே தொடங்கலாம்.