‘சைன்’ என்றால் காலமா?

கேள்வி: என் மகன் டேராடூன் ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்தான். அணிவகுப்பு முடிந்து அவர்கள் மெதுநடையில் படியேறும்போது வாசித்த மெட்டு ‘ஆல்ட் லாங் சைன்’ என்றார்கள். சைன் என்பது காலத்தைக் குறிக்கும் பழைய ஸ்காட்லாந்துச் சொல்லாமே? போட்டோ ஆல்பத்துக்கு அதையே தமிழில் தலைப்பாக வைக்க ஆசை.

முதலில் உங்கள் மகனுக்கு வாழ்த்துகள். ‘காலம்’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். சைன் பெயர்ச்சொல்லே இல்லை, நாம் ‘அப்புறம்’, ‘முன்னே’ என்கிறோமே, ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியில் அந்த வேலையைச் செய்கிற சொல் அது. ‘லாங் சைன்’ என்றால் ‘ரொம்ப நாளைக்கு முன்னே’. அதற்கு முன்னால் ஆல்ட், அதாவது ‘பழைய’, வந்து ஒட்டியதும் மொத்தத் தொடரும் பெயர்போல ஆகி, ‘அந்தப் பழைய நாள்கள்’ என்ற பொருள் வந்துவிட்டது.

வேர் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘ஸித்தன்’ என்று ஒரு சொல், பிரித்தால் ‘பின்’ என்பதும் ‘அது’ என்பதும் கிடைக்கும், அப்படியே நம் ‘அதன்பின்’தான். அது தேய்ந்து தேய்ந்து ஸ்காட்ஸில் சைன் ஆயிற்று, ஆங்கிலத்தின் ‘சின்ஸ்’ஸும் அதே வேரில் பிறந்ததுதான். சிலர் ‘ஜைன்’ என்று பாடுகிறார்கள், அது தப்பு. சைன் போர்டில் வரும் சைன் மாதிரியே சொல்லுங்கள்.

இந்தத் தொடர், இன்று நாம் கேட்கும் பாட்டை எழுதிய ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்கு முந்தையது. 1711-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் வாட்சன் அச்சிட்ட தொகுப்பிலேயே இதை வைத்து ஒரு பாட்டு உண்டு. பர்ன்ஸ் தன் வடிவத்தை 1788-இல் எழுதினார், அச்சில் வந்தது 1796-இல். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது: விடிந்ததிலிருந்து சாப்பாட்டு நேரம் வரை ஓடையில் கால் நனைத்து ஆடிய இரண்டு பேர், அப்புறம் அவர்களுக்கு நடுவே அகன்ற கடல்கள் இரைந்தன, ‘சின் ஆல்ட் லாங் சைன்’. சின் என்றால் ஆங்கிலத்தின் ‘சின்ஸ்’, ‘அதுமுதல்’. அந்தச் சின்னும் சைனும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள், ஒரே வரியில் முதலும் கடைசியுமாக நிற்கின்றன!

தாகூர் இதே மெட்டுக்கு வங்காளத்தில் எழுதியபோதும் ‘பழைய அந்த நாள்களின் பேச்சு’ என்றுதான் தொடங்கினார். நான் வைத்தால் ‘அந்த நாள்களுக்காக’ என்று வைப்பேன், ஏனென்றால் பாட்டில் கோப்பையை உயர்த்துவதே அந்த நாள்களுக்காகத்தான். முதல் பக்கத்தில் சீருடைப் படம் வேண்டாம், மகன் சின்ன வயதில் கூட்டாளிகளோடு தண்ணீரில் ஆடிய படம் ஏதாவது இருந்தால் அதை ஒட்டுங்கள்.