ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: ஐயா, என்3 தேர்வில் 180-க்கு 104 எடுத்தேன். தேர்ச்சிக்கு 95 போதும் என்றார்கள். கேட்டல் பகுதியில் மட்டும் 17. முடிவு தோல்வி என்று வந்திருக்கிறது. கணக்கில் பிழை நேர்ந்திருக்குமா?

பதில்: பிழையில்லை. என்5 எளியது, என்1 கடினமானது என்ற ஐந்து நிலைகளில் நடுவிலுள்ள என்3 தேர்வில் மொழியறிவு, வாசிப்பு, கேட்டல் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் தலா 60 மதிப்பெண். மொத்தத்தில் 95 எடுப்பதோடு ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19 எடுத்திருக்க வேண்டும். இரண்டு மதிப்பெண்ணில் உங்கள் உழைப்பு தள்ளிப்போனது எனக்கும் வருத்தமே. கேட்டலைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்கிவைக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கேள்வி: என்5 தேர்வுக்குரிய அதிகாரபூர்வ கான்ஜி (ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகள்) பட்டியல் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது. 2010-இல் நான்கு நிலைகள் ஐந்தாக மாற்றப்பட்டது முதல் அத்தகைய பட்டியல் வெளியிடப்படுவதில்லை.

கேள்வி: சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறேன். இது சரியான முறையா?

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லையும் படிப்பை இடையில் விடுவதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘தைககு’ என்றே நிற்கும். முன்னதன் முதலெழுத்து ‘தர்மம்’ என்பதில் வருவதுபோல மெலிந்தும், பின்னதன் முதலெழுத்து ‘தம்பி’ என்பதில் வருவதுபோல வலிந்தும் ஒலிக்கும். அந்த வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே முறைதான் போடுவார்கள் என்பதால், தவறாகப் பதிந்த ஒலியைத் திருத்திக்கொள்ள அங்கே நேரமிருக்காது. ஜப்பானியரின் அடிப்படை ஒலியெழுத்தான ஹிரகானாவை இரண்டு வாரம் உட்கார்ந்து கற்றுவிடுங்கள். மாறாக, குறில் நெடில் வேறுபாட்டில் நம் காது பழகியது. அத்தையைக் குறிக்கும் ‘ஒபசன்’, பாட்டியைக் குறிக்கும் ‘ஒபாசன்’ இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை.

கேள்வி: என்2 தேறிய என் நண்பர் தொலைபேசியில் ஒரு வாக்கியம் பேசத் திணறுகிறார். பேச்சும் எழுத்தும் இல்லாத தேர்வுக்கு என்ன மதிப்பு?

பதில்: வாசித்தும் கேட்டும் புரிந்துகொள்ளும் திறனைத்தான் அது அளக்கிறது, அதற்கு மேல் எதையும் அது சொல்லிக்கொள்ளவில்லை. ஜப்பானின் உயர்திறன் பணியாளர் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் என்1-க்கு 15 புள்ளியும் என்2-க்கு 10 புள்ளியும் தருகிறார்கள் என்பதிலிருந்தே அதன் மதிப்பு விளங்கும். பேசும் திறனை நிறுவனங்கள் நேர்காணலில் பார்த்துக்கொள்கின்றன.

கேள்வி: அதே நண்பரைப் பற்றிக் கேட்டவன்தான். அப்படியானால் பேச்சுத் தேர்வையும் சேர்த்துவிடலாமே?

பதில்: பல நாடுகளில் ஒரே நாளில் லட்சக்கணக்கானோர் பென்சிலால் வட்டத்தை நிரப்பும் தேர்வு இது. ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு தேர்வாளரை அமர்த்துவது எளிதல்ல. ஆயினும் உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. தேர்வு கேட்பதில்லை என்பதற்காகப் பல வகுப்புகளில் பேசவே வைப்பதில்லை. தமிழர்களுக்கு இது பேரிழப்பு. ‘சாப்பிட்டுப் பார்’ என்று நாம் சொல்லும் அதே அமைப்பில்தான் ஜப்பானியரும் ‘சாப்பிட்டு’ என்ற வினையெச்சத்தோடு ‘பார்’ என்ற வினையைச் சேர்க்கிறார்கள். ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதற்கும் அதேபோல் ஒரு துணைவினை உண்டு. புத்தகத்தில் விடையைக் குறித்தவுடன், அதே இலக்கணத்தில் உங்கள் அன்றாட வாழ்விலிருந்து மூன்று வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் நண்பரையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: என்4-க்கான கான்ஜி பட்டியலாவது கிடைக்குமா?

பதில்: மேலே என்5 பற்றிக் கேட்டவருக்குச் சொன்னதே உங்களுக்கும். எந்த நிலைக்கும் கிடையாது.

கேள்வி: வெளிநாட்டுப் பணியாளருக்கு ஜப்பான் தரும் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் முதியோர் பராமரிப்பு வேலைக்குச் செல்ல என்4 கட்டாயமா?

பதில்: என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வு, இரண்டில் ஒன்று போதும். பின்னது கணினியில் எழுதுவது. 250-க்கு 200 வேண்டும். இதோடு பராமரிப்புப் பணிக்கென்று தனித் தொழில்திறன் தேர்வும் அதற்கான ஜப்பானிய மொழித் தேர்வும் உண்டு.

கேள்வி: தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்களா?

பதில்: கழிப்பதில்லை. எந்த வட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.

கேள்வி: ஜூலைத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இலக்கணத்தை முடித்துவிட்டுக் கேட்டலைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் கேள்வியில் உள்ள 17 என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். இன்றிரவே இருபது நிமிடம் கேளுங்கள்.