நேரலையில் ஜெபம் – கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நான் ஓய்வுபெற்ற நர்ஸ், கடலூர் முதுநகரில் இருக்கிறேன். லுத்தரன் சபை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து இரவில் வரும் நாற்றத்தைப் பற்றிக் கேட்க, போன மாதம் எங்கள் தெருவுக்கு ஒரு டிவிக்காரர்கள் வந்தார்கள். “நீங்கதான் நல்லா பேசுவீங்க” என்று எல்லோரும் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். காதில் ஒன்றைச் செருகி, சேலையில் மைக்கைக் குத்தி, நேரலை என்றார்கள். சென்னையிலிருந்து நெறியாளர், “எந்த கம்பெனி? பெயரைச் சொல்லுங்க” என்றார். தெரியாது என்றேன். “தெரியாமலா புகார் சொல்றீங்க? யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளுக்குள்ளே “ஆண்டவரே, உதவி செய்யும்” என்று கேட்டேன். கடைசியில், “எனக்குத் தெரியாதுங்க. நாத்தம் வருது, பிள்ளைங்க இருமுது” என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதை வெட்டி, ‘நேரலையில் திணறிய பெண்’ என்று போட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் சபை குரூப்புக்கே வந்தது. “இன்னும் ஊக்கமா ஜெபிச்சிருக்கணும்” என்று ஒருவர் சொன்னார்.

‘நீங்கள் பேசவேண்டுவது அந்நேரத்தில் உங்களுக்கு அருளப்படும்’ என்று மத்தேயு 10:19 சொல்கிறதே, எனக்கு ஏன் அருளப்படவில்லை? இப்போது வேறொரு சேனல் விவாதத்துக்குச் சென்னைக்குக் கூப்பிடுகிறது. போகலாமா? குறிப்பு எழுதி எடுத்துப் போனால் அது விசுவாசக் குறைவாகிவிடுமா?

(பெயர் வேண்டாம்)
கடலூர் முதுநகர்

*

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு அருளப்பட்டது. “எனக்குத் தெரியாதுங்க” என்பதுதான் அது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உப்பனாற்றங்கரையில் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. இரவு பதினோரு மணிக்கு ஜன்னல் வழியாக வரும் நாற்றம் அவற்றில் எதிலிருந்து வந்தது என்று வாசலில் நிற்கும் ஒருவரால் எப்படிச் சொல்ல முடியும்? காற்று மாதிரி எடுத்துப் பார்த்துச் சொல்வதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. காய்ச்சலோடு வருகிறவரிடம் “என்ன கிருமி, பெயரைச் சொல்” என்று உங்கள் வார்டில் யாராவது கேட்டிருப்பார்களா? அந்த நெறியாளர் கேட்டது அதைத்தான். அந்தப் படபடப்பில் வாய்க்கு வந்த ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லியிருந்தீர்கள் என்றால் கிளிப் இன்னும் நன்றாக ஓடியிருக்கும், அப்புறம் வக்கீல் நோட்டீஸும் வீடு தேடி வந்திருக்கும். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்’ என்பது மத்தேயுவில்தான் ஐந்து அதிகாரம் முன்னால் இருக்கிறது. நீங்கள் கேட்ட உதவி வந்தது. வந்த உதவி பார்க்க அழகாக இல்லை, அவ்வளவுதான். சபையில் அப்படிச் சொன்னவரை நேரலையில் நிற்க வைத்துப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. சரி, அது நல்ல ஆசை இல்லை, விட்டுவிடுவோம்.

அந்த 10:19-ஐ நாம் தனியாகப் பிய்த்து எடுத்து வாக்குத்தத்த அட்டையில் போட்டு வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய வசனங்களில் என்ன நடக்கிறது? பிடித்துக்கொண்டு போகிறார்கள், ஆலோசனைச் சங்கங்களில் ஒப்புக்கொடுக்கிறார்கள், அதிபதிகள், ராஜாக்கள் முன்னால் நிறுத்துகிறார்கள். எப்போது, எங்கே என்று தெரியாமல் இழுத்துச் செல்லப்படுகிறவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. உங்கள் தெருவில் நடந்ததற்கு அது நன்றாகவே பொருந்தும், காதில் செருகிவிட்டுத்தானே நேரலை என்றார்கள். ஆனால் ஒரு வாரம் முன்பே போன் செய்து கூப்பிடும் விவாதத்துக்கு அதை வைத்துக்கொண்டு தயாரிக்காமல் போனால், அதற்கு விசுவாசம் என்று பெயர் இல்லை. சர்ப்பங்களைப் போல வினாவுள்ளவர்களாக, அதாவது விவேகமுள்ளவர்களாக, இருங்கள் என்பதும் அதே அதிகாரம்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் எப்போதும் நினைவுக்கு வருகிறவர் பைபிளில் வரும் நெகேமியா. பாரசீக ராஜா அர்தசஷ்டாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுப்பவர். முகம் வாடியிருப்பதைப் பார்த்து ராஜா காரணம் கேட்கிறார். நெகேமியா மிகவும் பயந்துபோனதாக அவரே எழுதியிருக்கிறார். முன்னோர்களின் நகரமான எருசலேம் பாழாகிக் கிடக்கிறது என்று காரணத்தைச் சொல்கிறார். “நீ கேட்கிற காரியம் என்ன?” என்கிறார் ராஜா. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணினேன் என்று ஒரு வரி வருகிறது. முழங்கால் போட நேரமில்லை, கண்ணை மூடினால் ராஜா சந்தேகப்படுவார். ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். நீங்கள் செய்த ஜெபமும் அந்த ஜாதிதான்.

ஆனால் அடுத்து அவர் பேசுவதைக் கவனியுங்கள். அதைக் கட்டப் போக அனுமதி கேட்டு, எவ்வளவு காலத்தில் திரும்பி வருவார் என்று தவணை சொல்கிறார். நதிக்கு அப்புறத்திலிருக்கும் அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்கிறார். கதவுகளுக்கும் நகரத்தின் அலங்கத்துக்கும் (மதிலுக்கும்) மரம் வேண்டும், அதற்கு ராஜாவின் வனக்காவலன் ஆசாப்புக்கு ஒரு கடிதம் என்கிறார். அதிகாரியின் பெயர் முதற்கொண்டு தெரிந்து வைத்திருக்கிறார்! எருசலேமின் நிலைமையை அவர் கேள்விப்பட்டது கிஸ்லேவு மாதம், ராஜா கேட்டது நிசான் மாதம். நடுவில் நான்கு மாதம். அழுது, உபவாசமிருந்து ஜெபித்ததாக எழுதியிருக்கிறார். அந்த நாட்களில் கணக்கும் போட்டிருக்கிறார் என்பது பதிலைப் பார்த்தாலே தெரிகிறது. குறிப்பு எடுத்துப் போவது விசுவாசக் குறைவா என்ற உங்கள் கேள்விக்கு எனக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

என்ன எழுதுவது என்றால், உங்கள் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2004 வாக்கில் சிப்காட்டைச் சுற்றியிருக்கும் கிராமத்துக்காரர்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, என்னென்ன நச்சு அதில் இருக்கிறது என்று ரிப்போர்ட் வாங்கினார்கள். என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன மாதிரி நாற்றம், காற்று எந்தப் பக்கமிருந்து என்று எழுதியும் வைத்தார்கள். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். டெம்பரேச்சர் சார்ட் எழுதிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? “எந்த கம்பெனி?” என்று மறுபடி கேட்டால், “அதைக் கண்டுபிடிக்க வேண்டியது வாரியம். எங்களிடம் இருப்பது இந்தத் தேதிகள்” என்று வாசித்துவிடுங்கள்.

பேட்டிக்காரர்களின் ஒரு பழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் பதில் சொல்லி முடித்த பிறகும் மைக்கை எடுக்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மௌனம் தாங்காமல் நாம் இன்னும் இரண்டு வாக்கியம் பேசுவோம். டிவியில் வருவது அந்த இரண்டு வாக்கியம்தான். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு முறை என்னிடம் இதைச் செய்தார்கள். எங்கள் பாட்டி மூச்சுக்கு மூச்சு “சேசு மரி சூசை” (இயேசு, மரியாள், யோசேப்பு) என்பார், மிஷன் வீதியைக் கடக்கும்போதுகூட. நானும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றேன். மைக் தானாகக் கீழே போனது. நீங்கள் லுத்தரன், சூசையப்பரைக் கூப்பிட மாட்டீர்கள். ‘கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்’ என்ற 141-ஆம் சங்கீதம் அந்த இடத்துக்கு என்றே எழுதியது போலிருக்கிறது.

இதில் உடம்புக்கும் பங்குண்டு. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்துப் பார்த்ததில், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. மந்திரம் சொன்னபோதும் அப்படியே. “பார்த்தீர்களா, வெறும் மூச்சுப் பயிற்சிதான்” என்று இதை வைத்துச் சிலர் மடக்குவார்கள். மூச்சைக் கொடுத்தவரிடம் பேசும்போது மூச்சு சீராவதில் எனக்கொன்றும் சங்கடம் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஜெபம் உங்களுக்குள் இருக்கட்டும், பதிலாக வெளியே வர வேண்டாம். “அரசாங்கம் என்ன செய்யணும்?” என்று கேட்கும்போது “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டு வந்த நல்ல மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாங்கத்துக்கு அதைவிட வசதியான பதில் கிடையாது. உங்கள் தெருவில் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள், அவர்களுக்காகவும்தான் போகிறீர்கள். உங்கள் விசுவாசத்தைப் பற்றியே கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். நாற்றத்தைப் பற்றிக் கேட்டால் நாற்றத்தைப் பற்றி.

அவகாசம் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். உங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூத்தரே 1521 ஏப்ரல் 17 அன்று ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால், புத்தகங்களில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறாயா என்று கேட்டபோது, யோசிக்க நேரம் வேண்டும் என்றுதான் சொன்னார். கொடுத்தார்கள். திரும்பப் பெற முடியாது என்று மறுநாள் சொன்ன பதிலைத்தான் உலகம் இன்னும் பேசுகிறது. டிவியில் ஒரு நாள் தரமாட்டார்கள். “கேள்வியை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றால் நாலு விநாடி தருவார்கள். நெகேமியாவுக்கு அவ்வளவுகூடக் கிடைத்திருக்காது.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள், ஆனால் சேனலுக்குப் போன் செய்து நேரலையா பதிவா, உங்களோடு வேறு யார் யார் உட்காருகிறார்கள், உங்களுக்குத் தனியாக எத்தனை நிமிடம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். சொல்ல மறுத்தால் போக வேண்டாம், நோட்டின் நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். தனியாகப் போகாதீர்கள், அந்த ‘ஊக்கமா’க்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து உங்கள் தம்பி