படகு டிரெய்லரின் ஒரு சக்கரத்தில் உறுமல் சத்தம் வருகிறது. பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, ஆக்சிலையும் மாற்ற வேண்டுமா?

சக்கரத்தைக் கழற்றி, சக்கரம் பூட்டப்படும் ஹப்பை இழுத்து, ஆக்சிலின் முனையான ஸ்பிண்டிலைத் துடைத்துப் பார்க்கும் வரை இதற்கு யாராலும் உறுதியான பதில் சொல்ல இயலாது. பார்க்காமலேயே "பேரிங் மட்டும் போதும்" என்று ஒரு பட்டறை சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படகுடன் சேர்த்துப் பழையதாக வாங்கிய டிரெய்லர் என்னுடையது. இடது சக்கரம் உறுமியதும் பட்டறையில் விட்டேன். பேரிங் மாற்றித் தந்தார்கள். சில வாரங்களிலேயே அதே சக்கரம் மறுபடி உறுமியது. வழியில் நிறுத்தி ஹப்பின் அருகே கையைக் கொண்டுபோனபோது வலப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, இடப்பக்கமோ தொடவே முடியாத சூடு. ரிம்மின் உட்புறத்தில் கிரீஸ் கோடு கோடாகத் தெறித்திருந்தது. இம்முறை நானே கழற்றினேன். கிரீஸ் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. தண்ணீர் புகுந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். உள்பக்க பேரிங்கில் உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு நொறுங்கி, உருளைகள் சிதறிக் கிடந்தன. ஹப்புக்குள் இறுகியிருக்கும், பேரிங்கின் வெளி வளையமான கப்பின் மீது, உருளைகள் அசையாமல் நின்ற இடமெல்லாம் சம இடைவெளியில் குறுக்குக் கோடுகளாகத் துரு அரித்த பழந்தழும்புகள். அதாவது, உருளைகள் கொண்ட உள் வளையமான கோனை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, பழைய கப்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். கோனும் கப்பும் தனித்தனி எண்ணுடன் விற்கப்படுவதால் இந்தக் குறுக்குவழி எளிதாகிவிடுகிறது. சிறு டிரெய்லர்களில் பரவலாக உள்ள எல்44649 என்ற கோனுக்கு எல்44610 என்ற கப்தான் ஜோடி, மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பட்டறையில் கேட்டபோது, நான் கிரீஸ் வைக்காததுதான் காரணம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிலை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

தண்ணீர் எப்படிப் புகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெடுந்தூரம் ஓடிச் சூடான ஹப்பைப் படகு இறக்குவதற்காகத் தண்ணீரில் முக்கும்போது, உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் வளையமான ஆயில் சீலின் உதட்டு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. அதன்பின் டிரெய்லர் வாரக்கணக்கில் நிற்கும்போதுதான் துரு தன் வேலையைச் செய்கிறது. உப்புநீர் என்றால் இன்னும் வேகம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்பிண்டிலை மண்ணெண்ணெய் கொண்டு நன்றாகக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சீல் உட்காரும் இடத்தில் மேலோட்டமான துரு மட்டும் என்றால் நைஸ் எமரி தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எந்தப் புதுச் சீலும் அங்கே தண்ணீரைத் தடுக்காது. அடுத்து, புதுக் கோனைக் கையால் ஸ்பிண்டிலில் நுழையுங்கள். தடையின்றி வழுக்கிச் சென்று, ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தால் பேரிங், கப், சீல் ஆகியவற்றை மாற்றுவதோடு முடிந்தது. கோன் ஆடினாலோ, இரும்பு சூட்டால் நீலம் பாய்ந்திருந்தாலோ, அந்த ஸ்பிண்டிலை நம்பக் கூடாது. என்னுடையதில் கோன் ஸ்பிண்டிலின் மேலேயே சுழன்று அதைப் படிபோல அரித்து, நீலமும் கறுப்புமாக ஆகியிருந்தது. நான் ஆக்சிலையே மாற்றினேன்.

வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் கடைந்துகொள்ளலாமே, எங்கள் வண்டி அப்படித்தான் ஓடுகிறது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை நீலம் பாயும் அளவுக்குச் சூடேறிய இரும்பின் பழைய வலு அப்படியே இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாலையில் சக்கரம் கழன்று ஓடினால் பின்னால் வருபவர்தான் அதை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். புது ஆக்சில் வாங்கும்போது ஒரு ஹப்பின் முகத்திலிருந்து மறு ஹப்பின் முகம் வரையிலும், இரண்டு ஸ்பிரிங்குகளின் மையங்களுக்கு இடையிலும் அளந்துகொண்டு செல்லுங்கள். டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தால், ஸ்பிண்டில் நன்றாக இருந்தாலும் ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பூட்டும்போது உருளைகளுக்கு இடையே கிரீஸ் முழுவதும் ஏறும்படி உள்ளங்கையில் வைத்து அழுத்தி நிரப்புங்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்தி, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். இறுக்கமாக விட்டால் புதுப் பேரிங்கும் வெந்துவிடும். ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி பொருத்தியிருந்தால் அளவோடு அடியுங்கள், ஏனெனில் மிகுதியான கிரீஸ் பின்பக்கச் சீலை வெளியே தள்ளிவிடும்.

பேரிங்குகளும் சீலும் பொருத்தி கிரீஸ் நிரப்பிய முழு ஹப் ஒன்றை, நட்டும் காட்டர் பின்னுமாக ஒரு பையில் கட்டி, ஜாக்கியோடு சேர்த்து எப்போதும் வண்டியில் வைத்திருக்கிறேன்.