அக்காகிட்ட கேளுங்க: சார்ட்டை யாரு நின்னு படிக்கிறா?

கேள்வி: அக்கா, நான் சேலத்துல பி.எஸ்சி ரெண்டாவது வருஷம். எங்க என்எஸ்எஸ் கேம்ப் இந்த தடவை ஏற்காடு மேல ஒரு கிராமத்துல, ஏழு நாள். ரத்தசோகை விழிப்புணர்வு எங்க டீமுக்கு வந்திருக்கு. போன வருஷம் சீனியருங்க பெரிய பெரிய சார்ட்டா எழுதி ஒட்டுனாங்களாம், எங்க வயசுக்காரங்க ஒருத்தரும் நின்னு படிக்கலையாம். நாங்க என்னதான் பண்றது?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: அந்த சார்ட்ல என்ன இருந்திருக்கும்னு பாக்காமலே சொல்லிடலாம் கண்ணு. மேல "ஹீமோகுளோபின் என்பது இரத்தச் சிவப்பணுக்களில் காணப்படும் புரதம் ஆகும்", கீழ அதோட வகைகள், ஓரத்துல ஒரு பேரீச்சம்பழம் படம். பரீட்சைக்கு எழுதுற மாதிரி எழுதி வச்சா எஸ்டேட் வேலை முடிஞ்சு வர்ற இருபது வயசுப் பொண்ணு அத எதுக்கு படிக்கணும்? அவளுக்கு தெரிய வேண்டியதே வேற. மேடு ஏறுனா ஏன் மூச்சு வாங்குது, நர்ஸம்மா குடுத்த மாத்திரை ஏன் வயித்த பொரட்டுது, இத எப்ப நிறுத்தலாம். அங்கிருந்து ஆரம்பிங்க.

முக்கியமா காப்பி. இரும்புச்சத்து மாத்திரைய டீ காப்பியோட சேத்து முழுங்குனா உடம்பு அத சரியா எடுத்துக்காது, பாலும் அப்படித்தான். அதுக்குன்னு காப்பி விளையுற மலையில போய் காப்பி குடிக்காதீங்கன்னு சொன்னா உங்களதான் அடுத்த பஸ்ல ஏத்தி கீழ அனுப்புவாங்க! காப்பி குடிங்க, மாத்திரைய மட்டும் ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளி தண்ணியிலயோ எலுமிச்சம்பழ ஜூஸ்லயோ போடுங்கன்னு சொல்லுங்க, எலுமிச்சை ஆரஞ்சு நெல்லிக்காய்ல இருக்குற வைட்டமின் சி இரும்புச்சத்து உள்ள போறதுக்கு நல்லா உதவும்.

அடுத்தது வெளிய பேச கூச்சப்படுற விஷயம். இந்த மாத்திரை போட்டா வெளிக்கி கருப்பா போகும். அது சாதாரணம்தான், ஆனா யாரும் முன்னாடியே சொல்றதில்ல, பயந்து போய் ஸ்ட்ரிப்ப அப்படியே அலமாரியில போட்டுடுறாங்க. வயிறு பொரட்டுச்சுன்னா சாப்பிட்டப்புறம் போடலாம். ஹீமோகுளோபின் அளவு ஏறிடுச்சுன்னு அன்னைக்கே நிறுத்தவும் கூடாது, உடம்புல கொஞ்சம் சேந்து இருக்கணும்னு டாக்டருங்க பொதுவா இன்னும் மூணு மாசம் கிட்ட போட சொல்லுவாங்க. நம்பர்னா இது மட்டும் போதும்: ஹீமோகுளோபின் பொண்ணுங்களுக்கு 12க்கு கீழ, பசங்களுக்கு 13க்கு கீழ போனா ரத்தம் கம்மி. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு கணக்கு வேற, அத நர்ஸ்கிட்ட விட்டுடுங்க. பீரியட்ஸ்ல அதிகமா போகுதான்னு பசங்கள வச்சுகிட்டு கேட்டா ஒருத்தி வாய் திறக்க மாட்டா, அதனால பொண்ணுங்கள தனியா உக்கார வச்சு பேசுங்க.

கடைசில "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் தலையாட்டிட்டு போயிடுவாங்க. "வீட்ல அம்மா கேட்டா எப்படிடி சொல்லுவ?"ன்னு கேளுங்க. அவ "காப்பியோட போடணும்"னு சொன்னா நீங்க சொன்ன விதம் சரியில்லன்னு அர்த்தம், இன்னொரு தடவை வேற மாதிரி சொல்லுங்க. இது டாக்டர் நர்ஸுக்கெல்லாம் சொல்லிக்குடுக்குற முறைதான். சார்ட் வேணும்னா ஒட்டிக்கோங்க, காலேஜுக்கு போட்டோ அனுப்ப ஆகும்.

கேள்வி: தொண்டை வலிக்கு டாக்டர் சீட்டுல 1-0-1, 5 நாள்னு எழுதிக் குடுத்தார். ரெண்டே நாள்ல சரியாயிடுச்சு. மிச்ச மாத்திரைய அடுத்த தடவைக்கு வச்சுக்கலாமா அக்கா?
– வாசகர், ஆட்டையாம்பட்டி

பதில்: 1-0-1னா காலைல ஒண்ணு, மத்தியானம் கிடையாது, ராத்திரி ஒண்ணு. ஸ்ட்ரிப்ப திருப்பிப் பாருங்க தம்பி, ஓரமா செவப்புக் கோடு இருந்தா அது டாக்டர் சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து, ஆன்டிபயாடிக்குக்கெல்லாம் அந்தக் கோடு இருக்கும். எடுத்து வச்சு அடுத்த சளிக்கு நீங்களே போடுற வேலை வேணாம், ரூம்மேட்டுக்கு தானம் பண்ற வேலையும் வேணாம், பாதிக்கு மேல சளி காய்ச்சலெல்லாம் வைரஸால வர்றது, அதுக்கு ஆன்டிபயாடிக் கேக்கவே கேக்காது. நடுவுல நிறுத்தலாமான்னு சீட்டு எழுதுனவர்கிட்டயே ஒரு போன் போட்டு கேட்டுடுங்க. அவர் எடுக்கலன்னா 104 இருக்கு, அரசோட மருத்துவ ஆலோசனை நம்பர், தமிழ்லயே பேசலாம்.

கேள்வி: ஜவ்வரிசி சாப்பிட்டா ரத்தம் ஊறும்னு ஒரு ரீல்ஸ் பாத்தேன், உண்மையா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: சேலத்துல உக்காந்துகிட்டு ஜவ்வரிசிய குறை சொன்னா சண்டைக்கு வருவாங்க, இருந்தாலும் சொல்றேன். அது மரவள்ளிக்கிழங்கு மாவு, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்துதான், இரும்புச்சத்து பேருக்குக் கூட தேறாது. பாயசம் வச்சு குடிங்க, வடாம் போடுங்க. ரத்தத்துக்கு கீரை, ராகி, கொள்ளு, கறி சாப்பிடுறவங்கன்னா ஆட்டு ஈரல்.