நிலத்தை விற்கலாம், அடியில் ஓடும் கேபிளை என்ன செய்வது?

கேள்வி: எங்களுடையது 60 படுக்கை கொண்ட அறக்கட்டளை மருத்துவமனை. மேற்கு ஓரத்தில் பழைய நர்ஸ் குவார்ட்டர்ஸ் இருந்த 40 சென்ட் சும்மா கிடக்கிறது. விற்றுவிடலாம் என்று முடிவு. ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மர், ஆக்சிஜன் சிலிண்டர் அறை, தண்ணீர் சம்ப், கழிவுநீர் லைன் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வாங்குகிறவர் அட்வான்ஸோடு வந்துவிட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கலாமா?
– நிர்வாகி, கும்பகோணம்

பதில்: இப்போது வாங்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு தேதி விழுந்துவிட்டால், அந்தத் தேதிக்காக ஐப்பசி மழையில் பள்ளம் தோண்டவேண்டி வரும். டெல்டாவில் மண் வேலைக்குத் தை அறுவடை முடிந்ததிலிருந்து மேட்டூர்த் தண்ணீர் வந்து சேரும்வரைதான் காலம். வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் பள்ளத்தில் ஊற்று எடுக்கும், பக்கவாட்டு மண் சரியும்.

முதலில், அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய வரைபடத்தை நம்பவேண்டாம். தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் கருவி, நம் ஈரக் களிமண்ணில் அதிக ஆழம் பார்க்காது. மண்ணுக்குள் கேபிள் போகும் பாதையைக் காட்டும் கேபிள் லொக்கேட்டரை ஓட்டிவிட்டு, உத்தேச எல்லைக்கோடு நெடுக மண்வெட்டியால் பள்ளம் எடுங்கள். ஜேசிபியும் கடப்பாரையும் வேண்டாம். 11 கே.வி. கேபிள் முறைப்படி போடப்பட்டிருந்தால் சுமார் 90 செ.மீ. ஆழத்தில், மணல் படுக்கையில், மேலே செங்கல் வரிசையோடு இருக்கும். மணலும் செங்கலும் தென்பட்டதும் கையை நிறுத்திவிட்டு மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். பழைய வேலைகளில் செங்கல்லே இருக்காது என்பதையும் மறக்கவேண்டாம்.

மின்வாரியத்தின் மதிப்பீடும், ட்ரான்ஸ்ஃபார்மருக்கு மின் ஆய்வுத் துறையின் அனுமதியும் தாமதமாகும். ஆகவே அந்த மனுக்களை முதல் நாளே கொடுங்கள். மண் வேலையில் சாக்கடை முதலில்.

சாக்கடையில்தான் பலர் சறுக்குகிறார்கள். 150 மி.மீ. குழாய்க்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால், 120 மீட்டர் சுற்றிக் கொண்டுபோக 1.2 மீட்டர் இறக்கம் வேண்டும். தட்டையான நம் ஊரில் குழாயின் கடைசி முனை நிலத்தடி நீருக்குள் போய்விடும், ஜாயின்ட் வழியே ஊற்றுநீர் உள்ளே வரும். வாட்டத்தைக் குறைத்துச் சமாளிப்பதைவிட, நடுவில் ஒரு தொட்டி கட்டி இரண்டு பம்ப் வைப்பது மேல். ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். இரண்டுக்கும் ஜெனரேட்டர் இணைப்பு கட்டாயம்.

சம்ப் விஷயம் இன்னும் சுவாரசியம். வெளி அளவு 4 × 3 × 2 மீட்டர் உள்ள கான்கிரீட் சம்ப் என்று வையுங்கள். நிலத்தடி நீர் தரைமட்டம்வரை ஏறினால் அதை மேலே தள்ளும் விசை 24 டன். 15 செ.மீ. சுவர், 20 செ.மீ. தரை, 12 செ.மீ. மூடி என்றால் அதன் எடை சுமார் 18 டன்தான். கழுவுவதற்காக மழைக்காலத்தில் காலி செய்தால் படகு மாதிரி மிதந்து எழும்பும், குழாய்கள் பிய்யும். தரைப் பலகையை நாலு பக்கமும் வெளியே நீட்டி, அதன்மேல் மண் ஏறும்படி கட்டச் சொல்லுங்கள். கட்டும்போதே மழை வந்துவிட்டால் உள்ளே தண்ணீரை நிரப்பி வையுங்கள்.

மின்சாரத்தை மாற்றும் இரவில் பேஸ் வரிசையை, அதாவது மூன்று மின்கம்பிகளும் வரும் வரிசையை, கருவி வைத்துச் சரிபார்க்கவேண்டும். இரண்டு பேஸ் இடம் மாறினால் விளக்கு வழக்கம்போல் எரியும், மூன்று பேஸ் மோட்டார் எல்லாம் தலைகீழாகச் சுற்றும். பம்ப் அழுத்தம் தராது, ஆபரேஷன் தியேட்டரின் வேக்குவம் இழுக்காது. பழைய ட்ரான்ஸ்ஃபார்மரைப் புதியது சில நாள் முழுச்சுமையில் ஓடிய பிறகே கழற்றுங்கள்.

ஆக்சிஜன் கடைசியில். ஐ.சி.யு.வில் 8 பேர், ஆளுக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 4,800 லிட்டர். லைனை 6 மணி நேரம் நிறுத்தினால் 28,800 லிட்டர். டி வகை சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர், ஆக கணக்குப்படி 5 சிலிண்டர். 10 வைத்துக்கொள்ளுங்கள், ஹை-ஃப்ளோ (மிக வேகமாக ஆக்சிஜன் தரும் கருவி) போட்ட ஒரே நோயாளி நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை இழுப்பார். செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது உள்ளே நைட்ரஜன் ஓடவேண்டும், இல்லாவிட்டால் உள்சுவரில் கறுப்பான செம்பு ஆக்சைடு படிந்து, உதிர்ந்து வால்வை அடைக்கும். முடிந்ததும் அழுத்தச் சோதனை, சுத்தச் சோதனை. அதோடு, ஒவ்வொரு அவுட்லெட்டிலும் ஆக்சிஜன்தான் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் நோயாளிக்குத் திறக்கக்கூடாது.

கேள்வி: தண்ணீர் லைனை இடம் மாற்றினோம். டயாலிசிஸ் பிரிவுக்கு எப்போது விடலாம்?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: புது லைனைக் கிருமி நீக்க அதிக அளவு குளோரின் ஊற்றியிருப்பார்கள். ஆர்.ஓ. மெம்பிரேன் அதை நம்பத்தகுந்தபடி தடுக்காது, கார்பன் ஃபில்டர்தான் தடுக்கும். ஒரு முறை டயாலிசிஸுக்கு நிமிடம் 500 மி.லி. வீதம் 4 மணி நேரத்தில் 120 லிட்டர் நோயாளியின் ரத்தத்துக்கு அருகே ஓடுகிறது. மொத்த குளோரின் லிட்டருக்கு 0.1 மி.கி.க்கு மேல் இருந்தால் சிவப்பணுக்கள் உடையும் அபாயம். நன்றாக வடித்துவிட்டு, கார்பன் ஃபில்டருக்குப் பின்னால் சோதித்து, அளவைப் பதிவேட்டில் எழுதியபிறகு விடுங்கள்.

கேள்வி: ஒரே ஒரு வடிகால் மட்டும் விற்ற நிலத்தில் இருக்கட்டுமே? வாங்குகிறவர் நல்ல மனிதர்.
– மன்னார்குடி வாசகர்

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவரிடம் வாங்குகிறவர்? சொத்து பிரியும்போது தேவையால் வரும் உரிமையைப் பற்றி 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றியது) பேசுகிறதுதான். ஆனால் அதை நிலைநாட்ட நீதிமன்றம் போகவேண்டும். கிரயப் பத்திரத்திலேயே வடிகால் உரிமையை எழுதி, அகலம், ஆழம், பழுது பார்க்க உள்ளே நுழையும் உரிமை, மேலே கட்டடம் கூடாது என்ற நிபந்தனை எல்லாவற்றையும் வரைபடத்தோடு பதிவு செய்யுங்கள். உட்பிரிவுக்கு சர்வேயர் வரும் நாளில் மேன்ஹோல் மூடிகளைத் திறந்து வையுங்கள். எல்லைக்கல்லை எர்த் பிட் (மின் கசிவை மண்ணுக்குள் இறக்கும் குழி) மேல் நட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது.