"சரணாலய ஊர்" என்றால் எதுவரை பாதுகாப்பு?

கேள்வி: சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் இருக்கிறோம். என் தம்பிக்கு எச்1பி வேலை போய் 60 நாள் தாண்டிவிட்டது. வேறு ஸ்டேட்டஸுக்குப் போட்ட மனு நிலுவையில் இருக்கிறது. போன வாரம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் போலீஸ் பிடித்து, கைரேகை எடுத்து, மறுநாள் விட்டுவிட்டார்கள். "இது சரணாலய ஊர், பயப்படாதே" என்கிறார்கள் நண்பர்கள். போலீஸ் அவனை ஐஸிடம் ஒப்படைக்குமா? ஐஸ் வீட்டுக்கு வந்தால் 911-ஐக் கூப்பிடலாமா?

பதில்: நண்பர்கள் சொன்னதில் பாதிதான் உண்மை. ஃபெடரல் குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸுக்கு உள்ளூர் அரசு தன் ஆட்களையும் சிறையையும் தகவலையும் தர மறுக்கலாம். ஐஸ் தானாக வந்து ஒருவரைப் பிடிப்பதைத் தடுக்க எந்த மேயருக்கும் ஆளுநருக்கும் அதிகாரம் கிடையாது. சரணாலயம் என்ற சொல், கோயிலுக்குள் ஓடிப் புகுந்தவரைத் தொட முடியாது என்பது போன்ற நினைப்பைத் தருகிறது. அப்படி ஒரு பாதுகாப்பு அமெரிக்காவில் எந்த ஊரிலும் இல்லை.

மறுக்கும் உரிமைக்கு அடிப்படை, மாநிலங்களின் அதிகாரத்தைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் 10-வது திருத்தம். ஃபெடரல் திட்டத்தை நடத்திக்கொடுக்கும்படி உள்ளூர் அதிகாரிகளை வாஷிங்டன் ஏவ முடியாது என்று 1997-ல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது துப்பாக்கி வாங்குவோரைச் சரிபார்ப்பது பற்றிய வழக்கு. இன்று குடியேற்ற விஷயத்தில் ஊர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சிகாகோவில் இது 1985-ல் மேயர் ஹரால்ட் வாஷிங்டனின் ஆணையில் தொடங்கி, 2012-ல் 'வெல்கமிங் சிட்டி' சட்டமாக விரிந்தது. போலீஸ் ஐஸுக்கு உதவ அதில் இடம்தந்த விதிவிலக்குகளை 2021-ல் நீக்கினார்கள். ஆனால் அந்தச் சட்டம் சிகாகோ எல்லைக்குள் மட்டும்தான். நேப்பர்வில்லில் உங்களுக்குக் கைகொடுப்பது 2017-ன் இலினாய் டிரஸ்ட் சட்டம். அது மாநிலம் முழுவதற்குமானது. நேப்பர்வில் அமைந்த டூபேஜ், வில் கவுன்ட்டிகளின் (மாவட்டங்களின்) ஷெரிஃப்களையும் கட்டுப்படுத்தும். இந்தச் சட்டங்களை எதிர்த்து ஃபெடரல் அரசு 2025 பிப்ரவரியில் போட்ட வழக்கை மாவட்ட நீதிமன்றம் ஜூலையில் தள்ளுபடி செய்தது.

டிரஸ்ட் சட்டம் தடுப்பது முக்கியமாக டிட்டெய்னரை. ஐ-247ஏ என்ற இந்தப் படிவத்தில், "இவரை விடுதலை செய்யும் நேரம் வந்த பிறகும் 48 மணி நேரம் வரை எங்களுக்காக வைத்திருங்கள்" என்று ஐஸ் சிறையைக் கேட்கும். கையெழுத்திடுபவர் ஐஸ் அதிகாரி, நீதிபதி அல்ல. இது வேண்டுகோள்தான், கட்டளை இல்லை என்று மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு, டிட்டெய்னரை மட்டும் நம்பி ஒரு பெண்ணை வைத்திருந்த ஆரிகன் மாநில கவுன்ட்டி ஒன்று, நியாயமற்ற கைதையும் சோதனையையும் தடுக்கும் நான்காவது திருத்தத்தை மீறிவிட்டது என்று இன்னொரு நீதிமன்றம் சொன்னது. பல கவுன்ட்டிகள் பின்வாங்கியதற்கு நஷ்டஈடு கட்ட வேண்டிவருமே என்ற பயம் பெரிய காரணம். இலினாயில் டிட்டெய்னரை வைத்தோ ஐஸ் வாரண்டை வைத்தோ ஒருவரை நிறுத்திவைப்பது சட்டவிரோதம். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வந்தால் கதை வேறு. 

இப்போது நண்பர்கள் சொல்லாத பாதி. காவல் நிலையத்தில் எடுத்த கைரேகை மாநிலக் காவல்துறை வழியாக எஃப்பிஐக்குப் போகிறது. அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தரவுத்தளத்துக்கும் போய்விடும். இதிலிருந்து விலகிக்கொள்ள 2011-ல் இலினாய் முயன்றது. மாநிலத்தின் ஒப்புதலே தேவையில்லை என்று சொல்லி, போட்டிருந்த ஒப்பந்தங்களை ஐஸே ரத்து செய்தது. அதனால் போலீஸ் வாய்திறக்காவிட்டாலும், தம்பி கைதான செய்தி ஐஸுக்குப் போயிருக்கும் என்றே வைத்துக்கொண்டு நடவுங்கள். இந்தக் கைதை மட்டும் காட்டி வெளியுறவுத் துறை அவருடைய விசாவையும் ரத்து செய்யலாம். அதற்குத் தண்டனை வரை காத்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலை, ஸ்பேம் பெட்டி உட்பட, தினமும் பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்கில் அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் தடவை என்றால், 'கோர்ட் சூப்பர்விஷன்' (நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளோடு சில காலம் கண்காணிப்பில் இருப்பது) வாங்கிக்கொள்ளலாம், அது தண்டனையே இல்லை என்பார்கள். இலினாய் சட்டப்படி அது சரி. குடியேற்றச் சட்டமோ, குற்றத்தை ஒப்புக்கொண்டு நிபந்தனைக்கு உட்பட்டதையே தண்டனையாகக் கணக்கில் எடுக்கும். இந்த ஒரு இடத்தில் சறுக்கி, பல வருடம் கழித்து கிரீன் கார்டு நேர்காணலில் தவிப்பவர்கள் உண்டு. குற்ற வழக்கறிஞர் இந்த விளைவைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-ன் படியா (Padilla) வழக்குத் தீர்ப்பு சொல்கிறது. "இதைக் குடியேற்ற வழக்கறிஞரோடு பேசினீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வாய்தாவைத் தவறவிடாதீர்கள். நீதிபதியின் வாரண்ட் பிறந்தால் டிரஸ்ட் சட்டம் உதவாது.

அந்த நிலுவை மனு, வேலை போனபின் தரப்படும் 60 நாள் அவகாசத்துக்குள் போனதா, பிறகு போனதா என்பதை இன்றே ரசீதில் (ஐ-797சி) பாருங்கள். உள்ளே போயிருந்தால் அவர் நிலை பலமானது. தாண்டிப் போயிருந்தால் வழக்கறிஞரை நாளைக்கே பார்க்க வேண்டும். 18 வயதைக் கடந்த வெளிநாட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவருக்கு அது ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு). வீடு மாறியிருந்தால் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் போட்டிருக்க வேண்டும்.

ஐஸ் கதவைத் தட்டினால் திறக்காமலே, வாரண்டைக் கதவின் கீழே தள்ளச் சொல்லுங்கள். ஐ-200, ஐ-205 என்று தலைப்பிட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர் இருந்தால் அது ஐஸின் வாரண்ட். அதைக் காட்டி உங்கள் சம்மதமின்றி வீட்டுக்குள் நுழைய முடியாது என்பதே நீதிமன்றங்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் விதி. நீதிமன்றத்தின் பெயரும் நீதிபதியின் கையெழுத்தும் உங்கள் முகவரியும் இருந்தால் மட்டும் திறக்க வேண்டும். மீறி உள்ளே வந்தால் கையால் தடுக்காதீர்கள், "நான் சம்மதிக்கவில்லை" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பொய் சொல்வதும் போலி ஆவணம் காட்டுவதும் கூடவே கூடாது. பேசாமல் இருப்பது உரிமை.

911-ஐக் கூப்பிடலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து கூப்பிடுங்கள். வந்திருப்பவர்கள் போலி அதிகாரிகளோ என்ற சந்தேகம், காயம், மருத்துவ அவசரம் ஆகியவற்றுக்குப் போலீஸ் வரும். வந்த போலீஸ் ஐஸுக்கு உதவாது. ஐஸை நிறுத்தவும் செய்யாது. சிகாகோ மேயர் பிராண்டன் ஜான்சன் 2025 அக்டோபரில் போட்ட ஆணைகூட, நகராட்சியின் வாகன நிறுத்தங்களையும் காலி இடங்களையும் ஐஸ் தன் நடவடிக்கைக்குத் தளமாக்கக் கூடாது என்பதோடு நின்றது. அடி, உதை, திருட்டு நடந்தால் தயங்காமல் அழையுங்கள். குடியேற்ற நிலையை இங்கே போலீஸ் விசாரிக்கக் கூடாது. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களை இந்தப் பயம் ஊமையாக்கிவிடக் கூடாது.

மாநில எல்லையையும் கவனியுங்கள். சிகாகோவிலிருந்து சற்றுத் தூரத்தில் ஹாமண்ட் வந்தால் அது இண்டியானா. அங்கே ஊர்கள் ஒத்துழைப்பை மறுப்பதையே மாநிலச் சட்டம் தடுக்கிறது. டெக்சாஸில் 2017-ன் எஸ்பி4 சட்டப்படி சிறைகள் டிட்டெய்னரை ஏற்றே ஆக வேண்டும். உறவினர் வீட்டுக்கு வண்டியில் போகும்போது தம்பி ஓட்ட வேண்டாம்.

கடைசியாக, பிடிபட்டால் எங்கே போவார் என்பது. குடியேற்றக் கைதிகளை வைக்க உள்ளூர்ச் சிறைகள் ஒப்பந்தம் போடுவதை இலினாய் 2021-ல் தடைசெய்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் அதன் விளைவாகப் பிடிபட்டவரைப் சிகாகோ புறநகரான பிராட்வியூவில் உள்ள ஐஸ் மையத்தில் பதிந்துவிட்டு இண்டியானா, விஸ்கான்சின் போன்ற வெளிமாநிலங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் வழக்கறிஞர் களத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஐ-94 நகல், பாஸ்போர்ட் எண், மனு ரசீது, ஏ-நம்பர் (குடியேற்றத் துறை தரும் அடையாள எண்) இருந்தால் அதுவும், வழக்கறிஞரின் தொலைபேசி எண் ஆகியவை இன்றிரவே உங்கள் கையில் இருக்கட்டும். எல்லையைச் சோதனையின்றிக் கடந்தவர்களுக்கு ஜாமீன் விசாரணையே கிடையாது என்று 2025 கோடையிலிருந்து அரசு வாதிடுகிறது. விசாவில் முறையாக உள்ளே வந்தவர் என்பதைக் காட்ட ஐ-94 கைகொடுக்கும். ஐஸின் இணையத் தேடலில் ஏ-நம்பரும் பிறந்த நாடும் கொடுத்தால் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும். சிகாகோவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று அவரே வாய்விட்டுக் கேட்க வேண்டும். வழக்கறிஞர் பார்க்காத எந்தத் தாளிலும், முக்கியமாகத் 'தானாக வெளியேறச் சம்மதம்' என்ற தாளில், கையெழுத்துப் போடக் கூடாது என்று இப்போதே சொல்லிவையுங்கள்.